மகள் நேவியில், அம்மா மதுரையில்: யாருக்கு யார் துணை?

மதுரையைச் சுற்றிய ஊர்களில் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்புவது புதுசு இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் போனால் மிலிட்டரியில் இருந்து வந்த ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். மகனுக்கு ஜம்முவில் போஸ்டிங் என்றால் அங்கே குளிர் எப்படி, லீவு எப்போது கிடைக்கும், ரயிலில் எத்தனை நாள் ஆகும், பத்து நாளாகப் பேசவில்லை என்றால் பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். மகள் நேவிக்குப் போன அம்மாவுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. கடல் பார்க்க ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டிய ஊர் இது. கப்பலில் இருந்தவர் என்று யாரையாவது தேடிப் பிடித்தாலும் அவர் சரக்குக் கப்பலில் போனவராக இருப்பார், அவர் சொல்லும் சம்பளமும் லீவும் வேறு கதை.

என் அக்கா மகள் நேவியில் இருக்கிறாள். அக்கா மகள் என்றால் எனக்கும் மகள்தான், அதனால் இதை வெளியாளாக நின்று எழுதவில்லை. அக்காவையும் அவளுக்குப் பழக்கமான மற்ற அம்மாக்களையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இவர்களை வாட்டுவது ஆபத்தைப் பற்றிய பயம் பாதி என்றால், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருப்பது மீதிப் பாதிக்கும் மேலே. அதைத் தீர்க்க வீட்டு ஆம்பளைகளாலும் முடியாது, டிவியாலும் முடியாது. ஒரு பேட்ச் முன்னாடி மகளை அனுப்பிய இன்னொரு அம்மாவால்தான் முடியும்.

மூத்தவர்களே இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவப் பிரிவை விட்டுவிட்டால், இந்தியக் கடற்படை பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது 1992-இல், அதுவும் கல்வி, சட்டம், லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு சில பிரிவுகளில், குறுகிய காலப் பணியாக. ஆண்களைப் போல இவர்களுக்கும் நிரந்தரப் பணிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 மார்ச் 17 அன்று. கடற்படையின் முதல் பெண் விமானியாக ஷிவாங்கி வந்தது 2019 டிசம்பரில். ஐ.என்.எஸ். திரிங்கட் என்ற ரோந்துக் கப்பலுக்கு ப்ரேர்ணா தேவ்ஸ்தலி என்ற பெண் கமாண்டிங் ஆபீசராக வருகிறார் என்று 2023 டிசம்பரில்தான் செய்தி வந்தது. இதெல்லாம் அதிகாரிகள் கதை. மாலுமிகளாக, அதாவது நம் ஊரில் சொல்கிற மாதிரி செய்லராக, பெண்களை 2022 வரை எடுக்கவே இல்லை. அந்த வருஷம் ஜூன் 14-ஆம் தேதி நாலு வருஷப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. முதல் பேட்ச் நவம்பர் கடைசியில் ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா என்ற பயிற்சித் தளத்தில் சேர்ந்தது, 2023 மார்ச் 28 அன்று பாசிங் அவுட், அதாவது பயிற்சி நிறைவு பரேடு, முடித்தது. சுமார் 2,600 பேரில் பெண்கள் 270 பேருக்குக் கொஞ்சம் மேலே. அந்த வருஷக் கடைசிக்குள் இந்தத் திட்டத்தில் சேர்ந்த பெண்கள், அதாவது பெண் அக்னிவீரர்கள், ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று அப்போதைய கடற்படைத் தளபதி ஹரி குமார் சொன்னார். ஆக, இந்தியா முழுக்கத் தேடினாலும் பெண் மாலுமியின் அம்மாவாக ரொம்ப அனுபவம் உள்ளவர் என்று ஒருவரைச் சொன்னால், அவருடைய அனுபவமும் 2022 நவம்பரில் தொடங்கியதுதான். அதற்கு முன்னால் ஒருத்தரும் இல்லை.

முதல் நான்கு மாசம் சில்கா. மதுரையில் இருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பயிற்சி நாட்களில் போன் கைக்குக் கிடைப்பது அரிது, கிடைக்கும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரியாத நம்பரில் இருந்து கால் வரும், இரண்டு நிமிஷம் பேசுவாள், "சாப்பிட்டியா"வுக்கே அது போய்விடும். அக்கா அந்த நான்கு மாசமும் போனை இடுப்பில் சொருகிக்கொண்டே இருந்தாள். குளிக்கப் போனால் வாசல்படியில் வைத்துவிட்டு என்னையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ காவல் வைப்பாள். மாசத்துக்கு ஒரு தடவை போகும் குலதெய்வக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை, அங்கே டவர் எடுக்காது என்பதால். இதில் நீச்சல் வேறு. கடற்படையில் சேர்ந்தால் நீச்சல் கற்றே ஆக வேண்டும். கண்மாய்ப் பக்கம் போகாதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று வளர்த்த பிள்ளை, இன்றைக்குக் குளத்தில் குதிக்கச் சொன்னார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டால் அந்த அம்மா மறுபடி கால் வரும்வரை எப்படித் தூங்குவாள்?

பயிற்சி முடிந்தால் அமைதியாகிவிடும் என்று நினைத்தோம். இல்லை. கப்பலுக்குப் போனால் வருவது வேறு மாதிரி மௌனம். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். செய்லிங் எப்போது கிளம்பும், எங்கே போகும், எப்போது திரும்பும் என்பதை வீட்டுக்குச் சொல்லக் கூடாது, பல நேரம் அவர்களுக்கே தெரியாது. "கொஞ்ச நாள் பேச முடியாதும்மா" என்ற ஒரே வரிதான் வரும். அந்தக் கொஞ்ச நாள் என்பது ஐந்தா, ஐம்பதா?

சரி, இந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சங்கம் வைத்து இல்லை. பெரும்பாலும் மைதானத்தில். தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் விடியற்காலை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓட வரும்போது கூடவே வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் பேசிப் பழகிக்கொள்கிறார்கள். அப்புறம் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு அலையும்போது, மெடிக்கலுக்கு வெளியூர் போகும்போது. பதினேழரை வயசிலேயே சேரலாம் என்பதால் பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் படிவத்தை யாராவது வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்கப் போய் ஆரம்பித்த பழக்கங்களும் உண்டு. இதையெல்லாம்விட முக்கியமான இடம் சில்கா பாசிங் அவுட். சென்னையில் ரயில் மாறி, குர்தா ரோடு பக்கம் போய் இறங்கி, இந்தியும் ஒடியாவும் தெரியாமல் ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டிப் பேசி, ஒரு லாட்ஜில் ரூம் எடுத்து, மறுநாள் பரேடு பார்க்கிற அந்தப் பயணத்தில் இரண்டு தமிழ்க் குடும்பம் ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் போதும். அக்காவுக்கு சோழவந்தான் அக்கா கிடைத்தது அப்படித்தான். அவர் மகள் அக்கா மகளுக்கு ஒரு பேட்ச் சீனியர், தெரிந்தவர் பிள்ளையின் பரேடுக்குத் துணையாக வந்திருந்தார்.

ஒரு பேட்ச் சீனியர் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். உண்மையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அக்கா இன்றைக்கு எதற்குப் பயப்படுகிறாளோ அதைச் சோழவந்தான் அக்கா சில மாதங்களுக்கு முன்னால் பயந்து முடித்திருக்கிறார். பிள்ளை கப்பலுக்குப் போன முதல் மாசம் அழுவாள், இரண்டாவது மாசம் கோபமாகப் பேசுவாள், மூன்றாவது மாசம் போன் வந்தால் உன்னைவிட அவள்தான் சீக்கிரம் வைப்பாள், மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது. முதல் லீவுக்கு எடை குறைந்து, கறுத்துப்போய்த் திரும்புவாள், பார்த்ததும் "என்னடி இப்படி ஆயிட்ட" என்று கேட்டுவிடாதே என்றும் சொன்னார். பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் அனுப்பலாம், ஊறுகாய் பாட்டில் அனுப்பாதே, உடைந்து துணியெல்லாம் எண்ணெய் ஆகும் என்றார். இதை எந்த ஆபீசில் போய்க் கேட்பது?

இந்தத் துணையின் உண்மையான எடை எனக்குப் புரிந்தது 2025 மே மாசம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி ஒன்றிரண்டு நாள். மே 8 இரவு சில டிவி சேனல்களில் நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது, நம் விமானம் தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த்தான் தாக்கியது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி யாருக்குத் தெரியும்? அக்கா மகள் எந்தக் கடலில் இருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. மாமா சேனல் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், அக்கா சாமி அறை வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நடு ராத்திரி தாண்டி சோழவந்தான் அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். "முதல்ல டிவியை அமத்துங்க தங்கச்சி. நான் நாலு அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். யாருக்கும் பிள்ளை பேசலை. எல்லாருக்கும் ஒண்ணாப் பேசலைன்னா அது ஆர்டர். ஒருத்திக்கு மட்டும் பேசலைன்னாத்தான் நாம விசாரிக்கணும்."

எவ்வளவு சரியான கணக்கு பாருங்கள். தனி ஒரு அம்மாவுக்கு மௌனம் என்பது மௌனம் மட்டும்தான், அதற்குள் எந்தப் பயத்தை வேண்டுமானாலும் போட்டு நிரப்பலாம். ஐந்து அம்மாக்களின் மௌனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரு தகவலாக மாறிவிடுகிறது. யாரும் யாரிடமும் ரகசியம் கேட்கவில்லை, கப்பல் எங்கே என்று துருவவில்லை, உன் பிள்ளை பேசினாளா இல்லையா என்ற ஒரே கேள்விதான். மே 10 சாயங்காலம் சண்டை நின்றது என்று செய்தி வரும்வரை அந்த ஐந்து வீட்டிலும் டிவி போடவில்லை. அக்கா அந்த இரண்டு நாளும் சாப்பிட்டாள் என்றால் அதற்கு அந்த போன்தான் காரணம்.

அம்மாக்கள் கூட்டாக இருப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2019 டிசம்பரில் எதிரி நாட்டுக்குத் தகவல் கொடுத்ததாகக் கடற்படையைச் சேர்ந்த ஏழு பேர் கைதானார்கள். சமூக வலைத்தளத்தில் பெண் பெயரில் பழகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் விவரங்களைக் கறந்திருக்கிறார்கள் என்பது வழக்கு. அதைத் தொடர்ந்து கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் கடற்படை தடை போட்டது. பிள்ளை அங்கே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது, இங்கே நாம் பெருமைக்காக யூனிஃபார்ம் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து, கப்பல் பேரையும் போட்டு, "இன்று என் மகள் கடலுக்குக் கிளம்புகிறாள்" என்று எழுதினால் என்ன பிரயோஜனம்? தெரியாத ஒருத்தி "நானும் நேவி அம்மாதான் அக்கா" என்று வந்து அன்பாக விசாரித்தால் அதையும் நம்பக் கூடாது. அக்காவுக்குப் பழக்கமானவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்: நேரில் பார்த்த ஆளாக இருக்க வேண்டும், கப்பல் பெயர், ஊர் பெயர், தேதி மூன்றும் வாயில் வரக் கூடாது. பிள்ளை நல்லா இருக்காளா, லீவு போட்டிருக்காளா, அவ்வளவுதான்.

ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகின் பயணத்தை அம்மாக்கள் ஆசையாகப் பின்தொடர்ந்தது இதனாலும்தான் என்று நினைக்கிறேன். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இரண்டே இரண்டு பெண்கள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, பாய்மரத்தை மட்டும் நம்பி உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில், நியூசிலாந்தின் லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று எங்கே நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். தன் மகளின் கப்பல் எங்கே என்று கேட்கக்கூட முடியாத அம்மாவுக்கு, வரைபடத்தில் விரல் வைத்து "இப்ப இங்க இருக்காங்க" என்று சொல்லக் கிடைத்த இரண்டு பிள்ளைகள் அவர்கள். தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் கேப் ஹார்னைத் தாண்டிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று சோழவந்தான் அக்கா பாயசம் வைத்தார்.

கடலை விட்டுவிட்டுக் கரைக்கு வருவோம், ஏனென்றால் இந்த அம்மாக்களுக்குத் தினசரித் தொல்லை கரையில்தான். கல்யாணப் பேச்சு. அக்னிவீரர்கள் நாலு வருஷப் பணிக்காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, செய்தால் வேலை போய்விடும். இது எழுத்தில் உள்ள விதி. ஆனால் பிள்ளைக்குப் பத்தொன்பது, இருபது ஆகும்போது முறைப் பையன் வீட்டில் இருந்து ஆள் வரும். எங்கள் குடும்பத்திலும் வந்தது. "நாலு வருசம் கழிச்சு யாரு கட்டுவா", "கப்பல்ல ஆம்பளைகளோட இருந்த பிள்ளைன்னு பேச்சு வரும்" என்றெல்லாம் சொந்தத் தம்பி, அண்ணன் வாயில் இருந்தே வரும்போது அம்மாவால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. இந்த இடத்தில் மற்ற அம்மாக்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. விதி இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் போட்டு, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்திருக்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் பேச வேண்டாம், காகிதத்தை எடுத்துக் காட்டு. அரசாங்கம் வேண்டாம் என்கிறது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் மறுபேச்சு குறைவு. இரண்டு கல்யாண வீட்டுக்கு மூன்று அம்மாக்கள் சேர்ந்தே போனதையும் பார்த்தேன், தனியாகப் போனால் பந்தியில் உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கிவிடும் என்பதால்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். முதல் வருஷம் மாசம் 30,000 சம்பளம், அதில் 9,000 பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய், கைக்கு வருவது 21,000. நாலாவது வருஷம் 40,000 ஆகிறது. சொந்தக்காரர்கள் லட்சக்கணக்கில் கற்பனை செய்துகொண்டு கடன் கேட்பார்கள், அப்போது சொல்ல இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு லீவு 30 நாள், பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் மாசிக் களரிக்கும் மூன்றுக்கும் வருவாள் என்று எதிர்பார்க்க முடியாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கரைக் கண்டால் உடனே மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அதிகாரிகளின் அம்மாக்களும் மதுரையில் இருக்கிறார்கள். கேரளாவில் இருக்கும் எழிமலை கடற்படை அகாடமியிலோ, 2022-இல் இருந்து பெண்களை எடுக்கும் புனே பக்கத்து என்.டி.ஏ.விலோ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) மகள் படித்திருப்பாள். அந்த அம்மா பெரும்பாலும் படித்தவர், டீச்சராகவோ பேங்கிலோ இருப்பார். செய்லரின் அம்மா தையல் மெஷின் மிதிப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள்களுக்கு இடையே ரேங்க் உண்டு, அது சர்வீஸ் ஒழுங்கு. அம்மாக்களுக்கு இடையே அது வரக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஆனால் வருகிறது. ஒரு டீச்சர் அம்மா மட்டும் விதிவிலக்கு. இங்கிலீஷிலும் இந்தியிலும் வரும் காகிதங்களை எல்லோருக்கும் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறார். அவர் இல்லையென்றால் பாதிப் பேருக்கு நாமினி படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, 48 லட்சம் இன்சூரன்ஸ் என்றால் எதற்கு என்பதே தெரிந்திருக்காது. அந்தப் பக்கத்தை அவர் வாசித்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை, கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

கடற்படைக்கென்று குடும்ப நலச் சங்கம் இருக்கிறது. மனைவியர் பெயரில் தொடங்கியது, இப்போது பெயரை விரித்திருக்கிறார்கள், தளங்களிலும் குவார்ட்டர்ஸிலும் வாழும் குடும்பங்களுக்கு நல்ல வேலை செய்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாத இருபது வயசுப் பெண்ணின் குடும்பம் என்பது எங்கோ மேலூரில் இருக்கும் அவள் அம்மாதான். அந்த அம்மாவுக்கும் அவர்கள் கை நீட்ட வேண்டும் என்பது என் விருப்பம். மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் முன்னாள் என்று இருப்பதால் நமக்கு இல்லை என்று அம்மாக்கள் போவதில்லை. பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு வரும் பிரச்சினைகளைக் கேட்பதும் அவர்கள் வேலைதான், நிலத் தகராறு உட்பட. போய்க் கேளுங்கள்.

அடுத்து வருவதுதான் பெரிய விஷயம். முதல் பேட்ச்சுக்கு நாலு வருஷம் 2026 கடைசியில் முடிகிறது. அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதியாகப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, அதோடு வட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள், பென்ஷன் கிடையாது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவீதமும், கடலோரக் காவல் படை, பாதுகாப்புத் துறை சிவில் வேலைகளில் 10 சதவீதமும் இவர்களுக்கு ஒதுக்கீடு என்று 2022-லேயே அறிவித்தார்கள். முதல் பேட்ச்சுக்கு ஆயுதப் போலீஸ் படைகளில் வயசு வரம்பில் ஐந்து வருஷத் தளர்வும் உண்டு. எந்த வேலைக்கு எப்போது விண்ணப்பம், என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை டீச்சர் அம்மா இப்போதே ஒரு ஃபைலில் சேர்க்கிறார்.

இதில் என்னை உறுத்துவது வேறு. இதுவரை இந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே படகில் இருந்தார்கள். இனிமேல் ஒரு பிள்ளைக்கு நிரந்தரம் ஆகும், கூட ஓடிய மூன்று பிள்ளைகள் பெட்டியோடு வருவார்கள். நிரந்தரமான பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தோஷப்படக் கூச்சம், திரும்பி வந்த பிள்ளையின் அம்மாவுக்கு ஊர் கேட்கும் கேள்வி. இவர்கள் பேச்சு அறுந்துபோக அந்த ஒரு வாரம் போதும். போன மாசம் அக்கா வீட்டில் கூடியபோது சோழவந்தான் அக்கா இதைத்தான் முதலில் எடுத்தார். யாருக்குக் கிடைத்தது என்று விசாரிக்க வேண்டாம், தெரிய வேண்டியது தானாகத் தெரியும் என்றார். "வீட்டுக்கு வர்ற பிள்ளையோட அம்மாவுக்கு முதல் போன் நம்மகிட்ட இருந்துதான் போகணும், சொந்தக்காரங்க போடுறதுக்கு முன்னாடி." யார் யாருக்குப் போட வேண்டும் என்று அன்றைக்கே பிரித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு உசிலம்பட்டி அம்மா.